கேரம் பலகையில் ஒரு படிகம்: உலோகப் போரைடுகள்

இந்த இதழின் அறிவியல் பாடம் போரான் பற்றியது. போரானா, அது யாருக்கு வேணும் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீங்க. நம்ம லாபிஸ் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் அந்தத் தனிமத்தைக் கையால் தொட்டிருக்கிறார்கள், பெயர்தான் தெரியாது.

மன்றத்தில் கேரம் ஆடுகிறோமே, பலகை வழுக்கவேண்டும் என்று வெள்ளைத் தூள் தூவுகிறோமே, அது பெரும்பாலும் போரிக் அமிலம். ஒரு போரான், மூன்று ஆக்சிஜன், மூன்று ஹைட்ரஜன். செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்க: குருத்து ஓலையின் நுனி கொக்கி மாதிரி வளைந்து, இலை சுருங்கி வந்தால் ‘போரேட் பத்தல’ என்பார்கள். மண்ணில் உள்ள போரேட் தண்ணீரில் எளிதாகக் கரையும். நம்ம ஊர் மழைக்கு அது நிற்காமல் அடித்துக்கொண்டு போகும். அதனால்தான் மரத்துக்குக் கொஞ்சமாகத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அதிகமானால் அதே மருந்து விஷம், ஓலை நுனி கருகும். தங்க வேலை செய்பவர்கள் பற்றவைக்கும்போது போடும் வெண்காரமும் போரான் உப்புதான். வடமொழியில் அதற்கு டங்கணம் என்று பெயர். முற்காலத்தில் திபெத்து ஏரிக்கரைகளிலிருந்து மலை ஏறி இறங்கி இந்தியாவுக்கு வந்த சரக்கு அது. சூட்டில் உருகி, உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அதனால்தான் பற்று நன்றாகப் பிடிக்கிறது.

போகிற போக்கில் ஒன்று. வெண்காரத்தை மீ, மீன் உருண்டை போன்றவற்றில் ‘மொறுமொறுன்னு இருக்க’ சேர்ப்பது மலேசியாவில் தடைசெய்யப்பட்ட பழக்கம். கேரம் தூளையும் சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்க விடக்கூடாது. ஆடி முடித்ததும் கை கழுவுங்க.

இதுவரை சொன்னவை எல்லாம் போரேட்கள். இந்தப் பாடம் போரைடுகள் பற்றியது. எழுத்தில் சின்ன வித்தியாசம்தான், வேதியியலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். போரேட்டில் போரானைச் சுற்றி ஆக்சிஜன் நிற்கும். போரைடில் ஆக்சிஜனே கிடையாது. போரான் தன் இனத்தோடும் உலோகத்தோடும் மட்டும் கைகோத்து நிற்கும். மண்ணிலிருந்து நாம் தோண்டி எடுப்பது ஏறக்குறைய எல்லாமே போரேட்தான். ஏனென்றால் ஆக்சிஜன் கிடைத்தால் போரான் அதை விடாது. போரைடு வேண்டுமானால் மனிதன் உலையில் காற்றை விலக்கி உண்டாக்கவேண்டும்.

காய்களை அடுக்குங்க

சரி, கேரம் பலகையை எடுங்க. விளையாட ஆரம்பிக்கும்போது எப்படி அடுக்குவோம்? நடுவில் சிவப்பு. அதை ஒட்டி ஆறு காய். அதற்கு வெளியே பன்னிரண்டு காய். மொத்தம் பத்தொன்பது. இடைவெளி இல்லாமல் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். வட்டமாகத் தெரிந்தாலும் நெருக்கி அடுக்கினால் அது ஓர் அறுகோணம். வெளி வரிசையில் ஆறு காய் மூலையில் இருக்கும். மற்ற ஆறு, இரண்டு மூலைகளுக்கு நடுவில் இருக்கும்.

இப்போ சிவப்பை எடுத்துவிடுங்க. வெளி வரிசையில் மூலைக்கு நடுவே இருக்கும் அந்த ஆறு காய்களையும் எடுத்துவிடுங்க. மிச்சம் பன்னிரண்டு. பாருங்க: நடுவில் ஆறு காய் வளையமாக நிற்கிறது, வளையத்தின் ஒவ்வொரு காயிலிருந்தும் ஒரு காய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இது தேன்கூட்டின் ஒரு துண்டு. வளையத்தில் இருக்கும் எந்தக் காயை எடுத்தாலும் அதற்குத் தொடும் அண்டைக்காரர் மூன்றே பேர். போரான் தட்டு இப்படித்தான் இருக்கும்.

உலோகம் எங்கே? நீங்க காய் எடுத்த ஏழு இடம் இருக்கிறதே, அந்த ஓட்டைகளுக்கு நேர் மேலே, அரை மாடி உயரத்தில், ஓட்டைக்கு ஒன்றாக உலோக அணு உட்காரும். அதற்கு மேல் மாடியில் மறுபடியும் அதே போரான் தட்டு, கீழே உள்ளதற்கு நேராக. பிறகு உலோகம், பிறகு போரான், இப்படியே போகும். ஓர் உலோக அணுவுக்குக் கீழே ஆறு போரான், மேலே ஆறு போரான், ஆக மொத்தம் பன்னிரண்டு அண்டைக்காரர்.

எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஓர் அறுகோணத்துக்கு ஆறு போரான். ஆனால் ஒவ்வொரு போரானும் மூன்று அறுகோணங்களுக்குப் பொது. ஆறை மூன்றால் வகுத்தால் இரண்டு. ஓர் ஓட்டைக்கு ஓர் உலோகம். ஆகவே ஓர் உலோகத்துக்கு இரண்டு போரான். அதனால்தான் இதற்கு ‘டைபோரைடு’ என்று பெயர். சூத்திரத்தை மனப்பாடம் செய்யவேண்டியதே இல்லை, காய்களை எண்ணினாலே வந்துவிடும்.

மெக்னீசியம், அலுமினியம், டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம் என்று பல உலோகங்களுக்கு இதே கட்டமைப்புதான். மெக்னீசியம் டைபோரைடில் பக்கத்துப் போரான்களுக்கு இடையே 1.78 ஆங்ஸ்ட்ராம் தூரம், ஒரு போரான் தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் 3.52 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். இந்த மெக்னீசியம் டைபோரைட்டின் அமைப்பு 1954ஆம் ஆண்டிலேயே எக்ஸ்-கதிர் மூலம் பதிவாகிவிட்டது.

ஏன் இந்த வடிவம்?

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்கும் தேன்கூட்டுத் தட்டுதான் என்று படிவம் நான்கில் படித்திருப்பீங்க. கார்பனுக்கு வெளிக்கூட்டில் நான்கு எலெக்ட்ரான். மூன்றை அண்டைக்காரரோடு பிணைக்கப் போட்டுவிட்டு, நான்காவதைத் தட்டின் மேலும் கீழும் பொதுவில் விட்டுவிடும். போரானுக்கு மூன்றுதான். ஒன்று குறைச்சல். தனியாக விட்டால் அதனால் தட்டையான தேன்கூடு கட்டமுடியாது.

அங்கேதான் மெக்னீசியம் உதவிக்கு வருகிறது. அது இரண்டு எலெக்ட்ரான் கொடுக்கும். ஓர் உலோகத்துக்கு இரண்டு போரான் என்று எண்ணினோமே, ஆளுக்கு ஒன்று! மூன்றோடு ஒன்று, நான்கு. போரான் இப்போது எலெக்ட்ரான் கணக்கில் கார்பன் மாதிரி ஆகிவிட்டது. இடையிடையே உலோகம் செருகிய கிராஃபைட் என்று மெக்னீசியம் டைபோரைடைச் சொல்லலாம். இரண்டு போரானுக்கு ஓர் உலோகம் என்ற விகிதம் எலெக்ட்ரான் கணக்கிலும் சரியாகப் பொருந்துவதைக் கவனியுங்க.

அப்படியானால் கிராஃபைட் போல, கேரம் தூள் போல, இதுவும் வழுக்கவேண்டுமே? வழுக்காது. கேரம் தூளிலும் மூலக்கூறுகள் தட்டுத் தட்டாகத்தான் இருக்கின்றன. தட்டுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு. தட்டுக்கும் தட்டுக்கும் இடையே பிடிப்பு மிகச் சன்னம். ஸ்ட்ரைக்கர் ஓடும்போது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். மெக்னீசியம் டைபோரைடில் தட்டுகளுக்கு நடுவே நேர்மின் மெக்னீசியம், மேலும் கீழும் எதிர்மின் போரான் தட்டு. இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஒரே வரைபடம், இரண்டு குணம்

பாடத்தின் முக்கியமான இடம் இது. மெதுவாகப் படியுங்க.

மெக்னீசியம் டைபோரைடும் டைட்டானியம் டைபோரைடும் ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு வீடு. ஆனால் குணம்? மெக்னீசியம் டைபோரைடு ஈரத்தில் மெதுவாகக் கெடும், அமிலத்தில் போட்டால் நுரைத்துப் பொங்கும், சூடாக்கினால் உருகுவதற்கு முன்பே மெக்னீசியம் ஆவியாகி வெளியேற ஆரம்பிக்கும். டைட்டானியம் டைபோரைடோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அலட்சியம் செய்யும். 3,200 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். டைட்டானியம் 1,668 டிகிரியில் உருகும், போரான் 2,076 டிகிரியை ஒட்டி உருகும். பிள்ளை அப்பாவையும் அம்மாவையும் மிஞ்சிவிட்டது. கடினத்திலும் வெட்டுக்கருவி செய்யும் பொருட்களோடு போட்டி போடும்.

காரணம் உலோகத்தின் கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்பதுதான். மெக்னீசியம் இரண்டையும் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறது. போரானோடு அதற்கு மின் ஈர்ப்பு உண்டு, திசை பிடித்துக் கோத்த கை இல்லை. அமிலத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனி வந்ததும் மெக்னீசியம் எளிதாகக் கரைசலுக்குப் போய்விடும். டைட்டானியத்துக்கு நான்கு வெளி எலெக்ட்ரான், அதிலும் டி-கூட்டில் உள்ளவை போரானை நோக்கித் திசையோடு பிணைந்து நிற்கும். தட்டுக்குத் தட்டு தூரம் 3.23 ஆங்ஸ்ட்ராமாகச் சுருங்கியிருப்பதே அந்தப் பிடியின் அடையாளம். ஆகவே ஒரு படிகத்தின் படத்தைப் பார்த்துவிட்டு ‘இது எதோடு வினைபுரியும்’ என்று சொல்லிவிட முடியாது. எந்தப் பிணைப்பு எங்கே வலுவாக இருக்கிறது, எது முதலில் அறும் என்று கேட்கவேண்டும்.

டைட்டானியம் டைபோரைடும் எல்லாவற்றையும் தாங்கும் என்று எண்ணவேண்டாம். காற்றில் சூடாக்கினால் நானூறு, ஐந்நூறு டிகிரியிலேயே மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர ஆரம்பிக்கும். அப்போது உண்டாகும் போரான் ஆக்சைடு 450 டிகிரியில் உருகிக் கண்ணாடிப் பூச்சாகப் படரும். கொஞ்ச காலம் அதுவே காவல். 1,100 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு ஆவியாகிப் போகும், காவல் போச்சு. நம்ம பொற்கொல்லர் வெண்காரத்தை உருக்குவதும் இதுவும் ஒரே குடும்பத்து வேதியியல்.

இந்தச் சரக்குக்கு உலகில் பெரிய வேலை அலுமினியத்தில். உருகிய அலுமினியம் இதை அரிக்காது, ஆனால் இதன் மேல் நன்றாகப் படரும். அந்த இரட்டைக் குணம் கிடைப்பது அரிது. அலுமினிய வார்ப்பில் டைட்டானியமும் போரானும் சேர்ந்த கலவைக் கம்பியைச் சிறிதளவு போடுவார்கள். அதில் உள்ள நுண்ணிய டைபோரைடுத் துகள்களைப் பிடித்துக்கொண்டு அலுமினியம் உறையும். ஆயிரக்கணக்கான இடத்தில் ஒரே நேரத்தில் உறைவதால் மணிகள் சிறிதாகி, வார்ப்பு வெடிக்காமல் வரும். நம்ம சரவாக்கிலேயே, முக்காவிலும் சமலாஜூவிலும் அலுமினிய உருக்காலைகள் இருக்கின்றன. பொருளியல் படித்தால்தான் வேலை என்று நினைக்கும் அண்ணன்மாருக்கு இது காதில் விழட்டும்.

அமிலத்தில் போட்ட ஜெர்மானியர்

மெக்னீசியம் போரைடை அமிலத்தில் போட்டால் நுரைக்கும் என்றேன். பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயு, போரான் போரிக் அமிலமாகிவிடும். ஆனால் கொஞ்சம் வேறொன்றும் வரும்: போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்த போரேன் வாயுக்கள். குமட்டும் நாற்றம். சில காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். இதை யாரும் பள்ளி ஆய்வகத்திலோ வீட்டிலோ செய்து பார்க்கவேண்டாம்.

அதைச் செய்து பார்த்தவர் ஆல்ஃபிரட் ஸ்டாக். 1912இல் பிரெஸ்லாவ் நகரில் இந்த வாயுக்களைப் பிரித்தெடுத்து முதல் கட்டுரை வெளியிட்டார். காற்றே படக்கூடாது என்பதால் முழுவதும் மூடிய கண்ணாடிக் குழாய்களில், வெற்றிடத்தில் வேலை செய்யும் முறையை அவரே உருவாக்கினார். குழாய்த் திறப்புகளில் பூசும் மசகைப் போரேன் தின்றுவிடும். அதனால் மசகுக்குப் பதில் பாதரசம் வைத்து அடைத்தார். வேலை அருமையாக நடந்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அவருக்குத் தலைவலி, மறதி, கைநடுக்கம். என்ன நோய் என்று தெரியாமல் பல வருஷம் அலைந்தார். 1924இல்தான் அது ஆய்வக அறையில் பரவிய பாதரச ஆவி என்று புரிந்தது. 1926இல் பாதரச ஆவியின் ஆபத்தைப் பற்றித் தாமே எழுதி மற்ற வேதியியலாளர்களை எச்சரித்தார். போரேன்களைவிட அந்தக் கட்டுரைதான் அதிக உயிரைக் காத்திருக்கும் என்பது என் எண்ணம். ஆய்வகத்தில் பாதரச வெப்பமானி உடைந்தால் கையால் கூட்டி விளையாடாமல் ஆசிரியரைக் கூப்பிடுங்க என்று சொல்வது சும்மா மிரட்டல் இல்லை.

அவர் பிரித்த போரேன்களில் அணுக்கள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது நெடுங்காலப் புதிர். ஒரே இணை எலெக்ட்ரானை மூன்று அணுக்கள் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பு அங்கே இருக்கிறது. அதை விரித்து விளக்கிய வில்லியம் லிப்ஸ்கோம்ப் 1976இல் நோபல் பரிசு பெற்றார்.

ஸ்டாக் செய்தது முரட்டு வைத்தியம். வலுவான அமிலம், வீடு முழுக்க இடிந்து செங்கல்லாகிவிட்டது. மெதுவாகச் செய்தால்? நடு மாடியில் நிற்கும் மெக்னீசியத்தை மட்டும் வெளியே அழைத்து, போரான் தட்டைச் சேதமில்லாமல் நிறுத்த முடியுமா? முடியும் என்று இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். 2015இல் குஜராத்தில் உள்ள காந்திநகர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் மெக்னீசியம் டைபோரைடைத் தண்ணீரில் போட்டு மீயொலி அதிர்வு கொடுத்து, சில தட்டு தடிமனே உள்ள போரான் ஏடுகளாகப் பிரித்தார்கள். மெக்னீசியத்தில் ஒரு பகுதி தண்ணீருக்குப் போய்விட்டது, ஏட்டின் மேல் ஹைட்ராக்சில் தொகுதிகள் வந்து ஒட்டிக்கொண்டன. 2017இல் ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு தண்ணீரைத் தவிர்த்து, கரிமக் கரைப்பானில் அயனி மாற்றம் செய்து, மெக்னீசியம் இருந்த இடத்துக்கு ஹைட்ரஜனைக் கொண்டுவந்தது. போரானும் ஹைட்ரஜனும் மட்டும் உள்ள ஏடு கிடைத்தது. ஸ்டாக் எடுத்ததும் இவர்கள் எடுத்ததும் மெக்னீசியம் போரைடுதான். எந்தப் பிணைப்பு முதலில் அறும் என்று தெரிந்து தொட்டதுதான் வேறுபாடு.

கல்பாக்கத்துக்கு ஒரு நடை

1954இல் அமைப்பு தெரிந்த பொருள், வேதிப்பொருள் கடைகளில் போத்தலில் அடைத்து விற்ற பொருள். 2001 ஜனவரி வரை அதை வேண்டிய அளவு குளிரவைத்து மின்தடையை அளந்து சொன்னவர் இல்லை. அந்த மாதம் ஜப்பானில் ஜுன் அகிமிட்சு குழு அறிவித்தது: மெக்னீசியம் டைபோரைடு 39 கெல்வினில், அதாவது சுழியத்துக்குக் கீழே 234 டிகிரியில், மின்தடை முற்றிலும் மறையும் மீக்கடத்தியாகிறது. இவ்வளவு எளிய உலோகச் சேர்மத்துக்கு இது யாரும் எதிர்பாராத உயரம். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. காந்தங்களில் வழக்கமாக இருக்கும் நயோபியம்-டைட்டானியம் கம்பியைத் திரவ ஹீலியத்தில், சுழியத்துக்குக் கீழே 269 டிகிரியில் வைக்கவேண்டும். ஹீலியம் விலை உயர்ந்த சரக்கு. மெக்னீசியம் டைபோரைடுக் கம்பியை 20 கெல்வினில், திரவ ஹீலியம் இல்லாமல் குளிர்விப்பான் இயந்திரத்தாலேயே ஓட்டலாம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகம் தன் பெரிய துகள் முடுக்கியின் மேம்பாட்டுக்கு இந்தக் கம்பியால் மின் கேபிள் செய்யும் வழியை எடுத்திருக்கிறது.

ஏன் மீக்கடத்துகிறது? மேலே போட்ட எலெக்ட்ரான் கணக்கிலேயே விடை இருக்கிறது. கிராஃபைட் மாதிரி சரியாக நிரம்பியது என்றேன். ஆனால் நேர்மின் மெக்னீசியம் மேலும் கீழும் நிற்பதால், சில எலெக்ட்ரான்கள் தட்டுக்குள் இருக்கும் பிணைப்பை விட்டுத் தட்டுக்கு வெளியே உள்ள இடத்துக்குச் சாய்ந்துவிடுகின்றன. தட்டுக்குள் கொஞ்சம் காலியிடம். அந்தக் காலியிடமும் போரான்கள் தட்டுக்குள் அதிரும் அதிர்வும் சேர்ந்துதான் மீக்கடத்தலை உண்டாக்குகின்றன.

அப்படித்தான் என்று எப்படித் தெரியும்? இரண்டு சோதனை சொல்கிறேன். இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்கு நிறை எண் 10, மற்றவை 11. அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு டைபோரைடு செய்தார்கள். எடை குறைந்த போரான்-10 போட்டதில் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தது. லேசான அணு வேகமாக அதிரும். ஆக அதிர்வுக்கு இதில் பங்கு உண்டு.

இரண்டாவது சோதனைக்குத் தமிழ்நாட்டுக்குப் போகவேண்டும். சென்னைக்குத் தெற்கே கடலோரக் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1971இல் தொடங்கியது. அங்கே போரான் ஏற்கெனவே வேண்டிய சரக்கு. போரான்-10 நியூட்ரானை விழுங்கும். அதனால் வேக ஈனுலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் போரான்-10 செறிவூட்டிய போரான் கார்பைடு வைக்கிறார்கள். அந்த மையத்தில் ஏ. பாரதியும் உடன் ஆய்வாளர்களும் மெக்னீசியம் டைபோரைடில் சில போரான்களை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்துப் பார்த்து, 2002இல் கட்டுரை வெளியிட்டார்கள். கார்பன் எவ்வளவு கரையும், கரைந்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. கார்பன் ஏற ஏறத் தேன்கூட்டின் அளவு சுருங்கியது, மீக்கடத்தும் வெப்பநிலையும் இறங்கிக்கொண்டே போனது. உங்களுக்கு இப்போ காரணம் தெரியும்: கார்பனுக்குப் போரானைவிட ஓர் எலெக்ட்ரான் அதிகம், அது வந்து காலியிடத்தை நிரப்பிவிடுகிறது. ‘வெப்பநிலை குறைந்தால் தோல்விதானே’ என்று கேட்காதீங்க. இங்கே குறைந்ததுதான் தகவல். மேலும், சிறிதளவு கார்பன் சேர்த்த கம்பி வலுவான காந்தப்புலத்தை அதிகம் தாங்குகிறது என்று பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்து, இன்று கம்பி செய்பவர்கள் வேண்டுமென்றே கார்பன் சேர்க்கிறார்கள்.

உங்க கைப்பேசியில் இருப்பது

போரான் எல்லாவற்றிலும் தேன்கூடுதான் கட்டும் என்று நினைக்கவேண்டாம். கால்சியம், லாந்தனம் போன்ற பெரிய உலோகங்களோடு ஆறு போரான் சேர்ந்து எண்முகக் கூடாகி, கூடுகள் கனசதுரமாக அடுக்கி நிற்கும். அந்தக் கூட்டுக்கு இரண்டு எலெக்ட்ரான் போதும் என்று 1954இல் லாங்கே-ஹிக்கின்சும் ராபர்ட்சும் கணக்குப் போட்டார்கள். கால்சியம் சரியாக இரண்டு தருகிறது. லாந்தனம் மூன்று தரும், ஒன்று மிச்சம். அந்த மிச்சம்தான் ஊதா நிற லாந்தனம் ஹெக்சாபோரைடை நல்ல கடத்தியாக்குகிறது. சூடாக்கினால் எலெக்ட்ரானை எளிதாக வெளியே விடும், அதனால் பல எலெக்ட்ரான் நுண்ணோக்கிகளில் அதுவே திரி.

நம்ம வீட்டில் இருக்கும் போரைடு வேறு. கைப்பேசி ஒலிபெருக்கி, காதணிபேசி, கணினி ஹார்ட் டிஸ்க் இவற்றில் இருக்கும் சின்னக் காந்தம், இரண்டு நியோடிமியத்துக்குப் பதினான்கு இரும்பு, ஒரே ஒரு போரான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்து 1984இல் வெளியானது. எடையில் போரான் நூற்றுக்கு ஒன்றுதான். உப்பு மாதிரி, அளவு கொஞ்சம், ஆனால் அது இல்லாமல் அந்தப் படிகம் அமையாது. ஓர் அலகு அறையில் 68 அணுக்கள்.

பழைய ஒலிபெருக்கியைப் பிரித்தால் அந்தக் காந்தம் வெள்ளியாக மின்னும். அது நிக்கல் பூச்சு. பூச்சு ஒரு மூலையில் உரிந்தால் காந்தம் பொடியாகி உதிர்வதைப் பார்க்கலாம். துரு என்று நினைப்போம், கொஞ்சம் வேறு கதை. காந்தம் ஒரே படிகம் இல்லை, நுண்ணிய மணிகள் ஒட்டியது. மணிகளுக்கு நடுவே நியோடிமியம் மிகுந்த மெல்லிய படலம் இருக்கிறது. சுவரில் செங்கல்லுக்கு நடுவே சிமெண்டு போல. நியோடிமியத்துக்கு ஈரம் பட்டால் உடனே வினை, ஹைட்ரஜன் வெளிவரும், அந்த ஹைட்ரஜனையும் அதே படலம் உறிஞ்சி வீங்கும். சிமெண்டு போனால் சுவர் நிற்குமா? செங்கல் நன்றாகத்தான் இருக்கும், சுவர் விழுந்துவிடும். இந்தப் பலவீனத்தையே தொழிற்சாலைகள் பயன்படுத்திக்கொள்கின்றன. காந்தக் கட்டியை ஹைட்ரஜனில் வைத்து அதுவாகவே உதிரவிட்டுத் தூளாக்குகிறார்கள். பழைய காந்தங்களை மறுசுழற்சி செய்யவும் அதே வழி.

அந்த நியோடிமியத்தைப் பிரிக்கும் ஆலை ஒன்று குவாந்தான் அருகே கெபெங்கில் இருக்கிறது. லைனஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் தாதுவை 2012 முதல் அங்கே பக்குவம் செய்கிறது. தோரியம் கலந்த கழிவு பற்றிய எதிர்ப்பும் வழக்கும் நாடறிந்தவை. அது தனிப் பாடம், இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுப் பேசவேண்டிய விஷயம். படிவம் நான்கில் அறிவியல் பாடங்களா வேறா என்று யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்க: அந்த ஆலையில் வேலை பார்க்கவும் வேதியியல் வேண்டும், அதன் கழிவைக் கேள்வி கேட்கவும் அதே வேதியியல்தான் வேண்டும்.

வீட்டுப் பாடம்

ஒன்று. கேரம் காய்களை மறுபடி அடுக்கி, ஓட்டைகளுக்கு மேல் பட்டாணியோ கச்சான் பருப்போ வைத்துப் பாருங்க. பக்கத்துப் பட்டாணிகளுக்கு இடையே உள்ள தூரம், பக்கத்துக் காய்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப்போல் எத்தனை மடங்கு? அளவுகோலால் அளந்து, மூன்றின் வர்க்கமூலத்தோடு ஒப்பிடுங்க.

இரண்டு. அலுமினியம் டைபோரைடுக்கும் இதே தேன்கூடு. அலுமினியம் மூன்று எலெக்ட்ரான் தரும். அது மெக்னீசியம் டைபோரைடு போல மீக்கடத்துமா? கல்பாக்கத்துச் சோதனையை நினைவில் வைத்து ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு அடுத்த வரியைப் படியுங்க.

விடை: மீக்கடத்தாது. கூடுதலாக வந்த மூன்றாவது எலெக்ட்ரான் தட்டுக்குள் இருந்த காலியிடத்தை அடைத்துவிடுகிறது.